வலப்பக்கத்துக் கதவு

கதவை லொறியிலிருந்து இறக்கும்போதே வீட்டுக்காரர் பஞ்சலிங்கத்தின் முகம் மாறிவிட்டது என்று கோபிசங்கர் பிறகு சொன்னான். தனுசியா அதைக் காணவில்லை. அவள் வாசல் நிலையின் அளவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூச்சு முடியாத சுவர்களுக்கு நடுவில் பழைய இடப்பக்கக் கதவு மட்டும் பிணைச்சலில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குச் சோடியாகத் தாங்கள் செய்துகொண்டு வந்த வலப்பக்கக் கதவு ஒரு மயிரிழை பிசகினாலும் மானம் போய்விடும் என்று அவளுக்குப் பயம்.

பிசகவில்லை. இரண்டு கதவுகளையும் சாத்தியபோது நடுவில் ஒரு நூல் இடைவெளிதான் இருந்தது. மேற்பலகைகளில் இரண்டு பாய்க்கப்பல்கள், ஒன்றையொன்று பார்த்தபடி. பழையதில் மரம் கறுத்திருந்தது, புதியதில் தேக்கின் மஞ்சள் இன்னும் போகவில்லை. அது ஒன்றுதான் வித்தியாசம். கோபிசங்கர் கைபேசியை எடுத்துப் படம் பிடித்தான்.

பஞ்சலிங்கம் கிட்ட வரவில்லை. முற்றத்தில் நின்றபடியே சொன்னார்.

"பிள்ளை, வேலை நல்ல வேலை. குறை சொல்ல ஏலாது. ஆனா இது எங்கடை கதவில்லை."

"ஏன் அங்கிள்? அளவெல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"அளவு சரி. வலப்பக்கத்திலை கப்பல் இருக்கேல்லை. வெறும் பலகைதான். நான் இந்த வீட்டிலை பிறந்து வளந்தனான், எனக்குத் தெரியாதோ?"

தனுசியா சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள். இந்தக் கதவை அவர் இன்றைக்குத்தான் முதன்முதலாகக் காண்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வேலை நடந்த காலமெல்லாம் அவர் கடலுக்குப் போவதும் வீட்டுக் கூரைக்கு அலைவதுமாக இருந்தார். கேட்க வேண்டியதையெல்லாம் அவருடைய தமக்கை அற்புதராணியிடம்தான் கேட்டார்கள். அற்புதராணி வட்டுக்கோட்டையில், தனுசியாவும் கோபிசங்கரும் வேலை செய்த அலுவலகத்துக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்தார்.

அலுவலகம் என்றால் ஒரு வாடகை வீடு. படையினரிடமிருந்து விடுபட்ட காணிகளில் எஞ்சிக் கிடக்கும் பழைய தூண், நிலை, கதவு, வளை எதுவானாலும் அதை ஒளிக்கதிரால் அளந்து, கணினியில் அச்சொட்டாக உருவாக்கி வைப்பது தனுசியாவின் வேலை. காணாமற்போன பாகத்தைக் கணினியின் கணக்கைக் கொண்டு மரத்தில் குடைந்தெடுக்கும் இயந்திரம் கோபிசங்கரின் பொறுப்பு. காங்கேசன்துறையில் இருந்த பஞ்சலிங்கத்தின் வீட்டில் கூரை போய், சுவர் பாதி போய், ஒரே ஒரு கதவு மிஞ்சியிருந்தது. யாரோ அதைப் படுக்கவைத்து நாலு கல்லின்மேல் மேசையாகப் பாவித்திருந்தார்கள். மேலே சட்டி வைத்த வட்டக் கறைகளோடு அந்தக் கப்பல் அப்படியே இருந்தது. மூன்று பாய், தொங்கும் கயிறுகள், கீழே மீன்முள்ளுப் போல அலை. பஞ்சலிங்கத்தின் தகப்பன் பாய்க்கப்பலில் தண்டையலாக இருந்தவர். கப்பலை ஓட்டுகிற தலைவனின் வீட்டுக் கதவில் கப்பல் இருப்பதில் என்ன ஆச்சரியம்?

இரட்டைக் கதவில் ஒன்று கிடைத்தால் மற்றதைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிவிடலாம். கணினியில் அது ஒரு சொடுக்கு. தனுசியாவும் திருப்பினாள். கையளவு மாதிரியொன்றை வெள்ளைப் பிளாஸ்ரிக்கில் அச்சடித்து, அதைக் கொண்டுபோய் அற்புதராணியிடம் காட்டினாள். அவர் அதை மடியில் வைத்துத் தடவித் தடவி அழுதார். "இதுதான், இதுதான்" என்றார். அதற்குமேல் என்ன சான்று வேண்டும் என்றிருந்தது அன்றைக்கு.

காங்கேசன்துறையிலிருந்து திரும்புகிற வழியில் நேரே அற்புதராணி வீட்டுக்குப் போவதென்று தனுசியா முடிவெடுத்தாள். கதவு பின்னால் திரும்பி வந்துகொண்டிருந்தது.

அற்புதராணி படலையைத் திறந்துவிட்டு முருங்கையிலை உருவுவதைத் தொடர்ந்தார். எழுபதைத் தாண்டியும் கை வேகம் குறையாத மனிசி. தனுசியா எதிரில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அன்ரி, வலப்பக்கத்திலையும் கப்பல் இருந்ததெண்டு வடிவாத் தெரியுமோ?"

"என்ன கேள்வி பிள்ளை இது? ரெண்டும் ஒண்டையொண்டு பாத்துக்கொண்டு நிண்டது. பொங்கலுக்குப் பொங்கல் தேங்காயெண்ணெய் பூசித் துடைச்சது ஆர்? நான்தானே."

"அங்கிள் இல்லையெண்டுறார். வெறும் பலகையாம்."

"அவன் அப்ப கால்சட்டை போடாத பெடியன். அவனுக்கென்ன தெரியும்?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "அப்பிடியே சொன்னவன்?" என்று கேட்டார்.

"ஓம்."

"உள்ளுக்கை போய் அல்பத்தை எடுத்துக்கொண்டு வா. என்ரை கலியாணப் படம் ஒண்டு வாசலிலை நிண்டு எடுத்தது. அதைப் பார்."

படத்தில் மாப்பிள்ளையின் தலைக்கு மேலே இடப்பக்கத்துக் கப்பல் தெளிவாகத் தெரிந்தது. வலப்பக்கக் கதவோ உள்ளே திறந்து கிடந்தது. அதன் மேற்பகுதி முழுக்க இருட்டு. அற்புதராணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டுப் பார்த்தார். "இருட்டுக்குள்ளை இருக்கு" என்றார், இருக்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லாததுபோல.

தனுசியா படத்தை வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தாள். பழைய படங்களைத் தெளிவாக்கும் மென்பொருள் ஒன்று இருந்தது. இடக்கதவின் படத்தை அதற்குத் துணையாகக் கொடுத்து அந்த இருட்டை விரித்துப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் இருட்டுக்குள்ளிருந்து ஒரு பாய் எழும்பியது, பிறகு இன்னொன்று. கப்பல்! அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. கோபிசங்கரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"துணைப்படம் குடுக்காமல் ஒருக்காச் செய்து பார்" என்றான் அவன்.

செய்தாள். இம்முறை வந்தது தோகை மடித்த மயில். அவள் நம்பாமல் திரும்பவும் செய்தாள். ஒரு பெண்ணின் முகம் வந்தது, காதில் தோடுகூட இருந்தது.

"இன்னொருக்கா அமத்தினா உன்ரை முகமும் வரும்" என்றான் கோபிசங்கர்.

அவள் சிரிக்கவில்லை. இருட்டில் ஒன்றுமில்லை, கேட்டதைத்தான் அது தந்திருக்கிறது. அப்படியானால் அற்புதராணி? முதல்நாள் அவரிடம் போனபோது, வலக்கதவில் என்ன இருந்தது என்று கேட்டதா முதல், அல்லது அந்த வெள்ளை மாதிரியை மடியில் வைத்ததா முதல்? யோசித்து யோசித்துப் பார்த்தாள். மாதிரியைத்தான் முதலில் வைத்தாள். வைத்துவிட்டு, "இப்பிடித்தானே அன்ரி?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு அந்த மனிசி வேறு என்ன சொல்லியிருப்பார்? ஆனால் அழுதாரே. பொய்க்கு யாராவது அப்படி அழுவார்களா? பொய் என்றும் சொல்ல முடியாது.

இந்த நிலையில்தான் தென்மராட்சியிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. ஒரு கிழமைக்கு முன்னர் இடக்கதவின் சுழலும் படத்தை அவர்கள் முகநூலில் போட்டிருந்தார்கள். அழைத்தவர் கொடிகாமத்துக்கு அங்கால் வயல் செய்கிற நமசிவாயம் என்ற கமக்காரர். அவருடைய மகள் அந்தப் படத்தைக் காட்டினாளாம்.

"உந்தக் கதவின்ரை மற்றப் பாதி என்னட்டைக் கிடக்கெண்டு நினைக்கிறன். சண்டைக் காலத்திலை ஆரோ லொறியிலை கொண்டுவந்து வித்தவை. நான் அப்ப கேள்வி கேக்கேல்லைப் பிள்ளை. கேட்டிருக்கோணும். வந்து பாருங்கோ."

பஞ்சலிங்கத்தையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நமசிவாயம் நல்ல உயரம், மெதுவான பேச்சு. வீட்டுக்குள் இருத்தித் தேத்தண்ணி தந்துவிட்டுத்தான் பின்வளவுக்குக் கூட்டிப்போனார். கதவு மாட்டுக்கொட்டிலில் இருந்தது. தலைகீழாக மாட்டியிருந்தார். மேற்பலகை இருக்க வேண்டிய இடம் அடியில், சாணித் தெறிப்புக்குள் கிடந்தது. ஆனாலும் தனுசியாவுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. அதே சட்டம், அதே விளிம்பு. இடக்கதவில் அவள் ஆயிரம் தரம் சுழற்றிப் பார்த்த அதே பூவேலைக் கரை. அளவுகோலை வைத்துப் பார்க்கத் தேவையே இல்லை.

நமசிவாயம் ஒரு வாளி தண்ணி ஊற்றிக் கழுவிவிட்டார். பூவேலைக் கரைக்கு நடுவில் கப்பல் இல்லை. வெறும் பலகை.

"பாத்தியோ பிள்ளை? நான் சொன்னது பொய்யோ?" என்றார் பஞ்சலிங்கம்.

பொய் இல்லை. ஆனால் அந்தப் பலகையின் முகம் மட்டமாக இல்லை. வெயில் பக்கவாட்டில் விழுந்தபோது அது முழுக்கக் கொத்துக் கொத்தாகக் குழிகள். தனுசியா விரலை வைத்துப் பார்த்தாள். இங்கே ஏதோ இருந்திருக்கிறது, யாரோ அதைக் கொத்தியெடுத்திருக்கிறார்கள்.

"நீங்கள் கொத்தினதோ ஐயா?" என்று நமசிவாயத்தைக் கேட்டாள்.

"நானோ? சத்தியமா இல்லை. வரேக்கையே இப்பிடித்தான்."

பஞ்சலிங்கம் குனிந்தார். பிறகு ஈரத்தையும் பார்க்காமல் கொட்டில் நிலத்தில் இருந்துவிட்டார். உள்ளங்கையை அந்தக் குழிகளின்மேல் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"அங்கிள்?"

"அம்மா" என்றார்.

மாடு ஒன்று தலையை நீட்டி அவருடைய தோளை மணந்து பார்த்தது.

"அம்மா கதவைக் கழட்டி விறாந்தையிலை கிடத்திப்போட்டு, அதுக்கு மேலை குந்தியிருந்து உளியாலை கொத்தினவ. சனம் நிண்டு பாத்தது. ஒருத்தரும் மறிக்கேல்லை. நான் பக்கத்திலை இருந்து சிராய்த் துண்டுகளைப் பொறுக்கி வாளித் தண்ணியிலை கப்பல் விட்டனான். கதவுக்குப் பெயின்ற் அடிக்கப்போகினம் எண்டுதான் நினைச்சனான்." அவர் தனுசியாவை நிமிர்ந்து பார்த்தார். "இவ்வளவு காலமும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருந்திருக்கிறன்."

"ஏன் கொத்தினவ?"

"பெரியண்ணை வரேல்லையல்லே."

பெரியண்ணை என்பது முத்துக்குமாரு. தகப்பனின் இரண்டாவது கப்பலைப் பொறுப்பெடுத்து நாகப்பட்டினத்துக்குப் போனவன். புயலில் கப்பலும் வரவில்லை, ஆளும் வரவில்லை. பஞ்சலிங்கத்துக்கு அப்போது ஐந்தோ ஆறோ வயது. தமையனின் முகமே அவருக்கு ஞாபகமில்லை. வீட்டில் அவனைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லையாம்.

கதவைக் கழற்றும்போது நமசிவாயம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "எடுத்துக்கொண்டு போங்கோ. அது உங்கடை. ஆனா கொட்டில் வாசலை நான் இப்ப என்னத்தாலை மறைக்கிறது? கண்டுக்குட்டி வெளியாலை பாஞ்சிடும்."

கோபிசங்கரும் தனுசியாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மறுநாள் லொறி புதிய கதவை, கண்ணாடியில் திருப்பிய கப்பலோடு, கொடிகாமத்துக்குக் கொண்டுபோனது. அதே அளவு ஆனபடியால் ஒரு ஆணிகூட மாற்றத் தேவைப்படவில்லை. இவ்வளவு வடிவான கதவை மாட்டுக்குப் போடுவது பாவமில்லையோ என்று நமசிவாயம் கேட்டாராம். இம்முறை நேராக மாட்டினாராம்.

பழைய கதவை அலுவலக மேசையில் கிடத்தித் தனுசியா அளந்தாள். ஆழத்தை நிறமாகக் காட்டச் சொன்னாள். மேடு மஞ்சள், பள்ளம் நீலம். கப்பல் பலகையிலிருந்து புடைத்து நின்றது, அதனால் உளி அதை முழுக்க வழித்துவிட்டது. ஆனால் உருவத்தின் ஓரங்களை ஆசாரி பலகைக்குள் ஆழமாகக் கீறியிருப்பார். அந்தக் கீறல்களின் அடி எங்காவது மிஞ்சியிருக்கலாம். திரையில் கருநீலத்தில் மூன்று கோடுகள் தெரிந்தன. ஒன்று வளைவு, மற்ற இரண்டும் சரிவு.

அவள் திருப்பிய கப்பலை அதன்மேல் வைத்தாள். பொருந்தவில்லை. எந்தப் பக்கம் நகர்த்தினாலும் பொருந்தவில்லை. பிறகு, ஏனென்றில்லாமல், இடக்கதவின் கப்பலைத் திருப்பாமல் அப்படியே எடுத்து வைத்தாள். வளைவு முன்மூக்கில் போய் இருந்தது. சரிவுகள் இரண்டும் கயிறுகளில் இருந்தன.

"ஒண்டையொண்டு பாக்கேல்லை. ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டு. ரெண்டும் ஒரே பக்கம் போகுது" என்றாள்.

கோபிசங்கர் திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தான். "இருக்கலாம். உளி வழுக்கின கோடாயும் இருக்கலாம். மூண்டு கோட்டிலை கப்பல் ஓட்டாதை."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவளுக்குத் திரும்பவும் எல்லாம் கலங்கிப்போனது.

தமக்கையையும் தம்பியையும் அலுவலகத்துக்கு அழைத்தார்கள். அற்புதராணி மேசையைச் சுற்றி நடந்து கதவைப் பார்த்தார். தம்பி கொட்டிலில் சொன்னதையெல்லாம் திரும்பச் சொன்னார். தாய் கொத்திய கதையை அற்புதராணி இதற்குமுன் கேட்டதேயில்லை. அந்த வருசம் அவர் வட்டுக்கோட்டையில் மாமி வீட்டில் நின்று படித்துக்கொண்டிருந்தாராம். விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருப்பார், கதவைக் கண்டிருக்கத்தான் வேண்டும். கண்டது ஞாபகத்தில் இல்லை.

தனுசியா திரையைக் காட்டினாள். கோடுகளைக் காட்டினாள். கப்பலை வைத்துக் காட்டினாள். மூன்று கோடு மூன்று கோடுதான் என்பதையும் சொன்னாள். கடைசியில், முதல்நாள் தான் கேள்விக்கு முன்னரே மாதிரியைக் காட்டிவிட்டதையும் சொன்னாள்.

அற்புதராணி கோபிக்கவில்லை. அதுதான் தனுசியாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அப்ப நான் கண்டது என்ன, பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். "ரெண்டும் முகத்தை முகம் பாத்துக்கொண்டு நிண்டதைக் கண்டனான். எண்ணெய் பூசினனான். அந்த எண்ணெய் மணம்கூட இப்ப மூக்கிலை நிக்குது. அது எப்பிடிப் பொய்யாகும்?"

கோபிசங்கர் ஒரு கதிரையை அவர் பக்கம் தள்ளிவைத்தான்.

பஞ்சலிங்கம் கதவுக்கு அருகில் வந்தார். "கப்பலைத் திரும்பச் செய்யுங்கோ, தம்பி" என்று கோபிசங்கரிடம் சொன்னார். "அண்ணை இந்த வீட்டிலை இருந்தவர். அதைக் கொத்தி எடுத்தாப்போலை இல்லையெண்டு ஆகுமோ? ஒரு துண்டிலை குடைஞ்சு இந்தக் குழிக்குள்ளை பதிச்சுவிடுங்கோ."

"வேண்டாம்" என்றார் அற்புதராணி.

"அக்கா, நீங்கள்தானே கப்பல் கப்பலெண்டு நிண்டனீங்கள்?"

"நிண்டனான்தான். இப்ப வேண்டாம். இது அம்மான்ரை கை. அவ வயிறெரிஞ்சு கொத்தினதை மூடுறதுக்கு நீ ஆர்?"

"நான் அவவின்ரை மகன்!"

"நானும் அவவின்ரை பிள்ளைதானே!"

போன கிழமை வரைக்கும் வெறும் பலகை என்று நின்றவர் கப்பல் வேண்டுமென்கிறார். கப்பலுக்காக அழுதவர் குழிகளைத் தொடாதே என்கிறார். தனுசியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீ சொல்லு பிள்ளை" என்றார் பஞ்சலிங்கம். "நீதானே படிச்சனி. உண்மையான கதவு எது?"

அவர்களுடைய மீளமைப்புத் திட்டத்தின் விதி அவளுக்கு மனப்பாடம். ஆரம்ப நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஆரம்பம் எது? ஆசாரி செதுக்கியதா, தாய் கொத்தியதா? செதுக்கியது என்றால் எந்தப் பக்கம் பார்த்த கப்பல்? அவளிடம் திரையில் மூன்று கப்பல்களும் ஒரு மயிலும் ஒரு முகமும் இருந்தன.

"எனக்குத் தெரியேல்லை அங்கிள்" என்றாள். சொன்னபோது வெட்கமாக இருந்தது, கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

முடிவு எட்டப்படவில்லை. புதுவீட்டுக் குடிபூரலுக்கு நாள் வைத்தாயிற்று, வாசல் கதவில்லாமல் கிடக்க முடியாது. ஆகவே பழைய கதவை உள்ளபடியே, சாணிக்கறையைக் கழுவி எண்ணெய் பூசிக் கொண்டுபோய் மாட்டினார்கள். பிறகு பார்க்கலாம் என்றார் பஞ்சலிங்கம். பிறகு பார்க்கலாம் என்று அற்புதராணியும் சொன்னார். இந்த ஒன்றிலாவது இருவரும் ஒத்துப்போனார்கள்.

குடிபூரலன்று காலையில் தனுசியாவும் கோபிசங்கரும் போனபோது பால் பொங்கி முடிந்திருந்தது. வாசலில் மாவிலை கட்டியிருந்தார்கள். மயிலிட்டியிலிருந்தும் வல்வெட்டித்துறையிலிருந்தும் சொந்தக்காரர் வந்து விறாந்தை நிறைந்திருந்தது. சாத்திய கதவுக்கு முன்னால் அற்புதராணி பட்டுச்சேலையோடு நின்று, வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். வலக்கதவின் கொத்துக் குழிகளில் வெயில் விழுந்துகொண்டிருந்தது.

"ஏன் அன்ரி இந்தப் பக்கம் இப்பிடி இருக்கு?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"அது எங்கடை அம்மா கொத்தினது. முந்தி இதிலையும் ஒரு கப்பல் நிண்டது. எங்கடை அண்ணையின்ரை கப்பல். ரெண்டும் ஒண்டையொண்டு பாத்துக்கொண்டு நிக்கும். அவ்வளவு வடிவு."

தனுசியா திடுக்கிட்டாள். திரையில் கோடுகளைக் காட்டி, விளங்கப்படுத்தி, அவரும் எல்லாவற்றையும் கேட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவள் பஞ்சலிங்கத்தைத் தேடினாள். அவர் தமக்கைக்குப் பின்னால், கையில் பால்செம்போடு நின்றுகொண்டிருந்தார். மறுக்கப்போகிறார் என்று எதிர்பார்த்தாள்.

"ஓம்" என்றார் அவர். "முகத்துக்கு முகம். எனக்கும் மங்கலா ஞாபகம் இருக்கு."

அந்தப் பெண் கைபேசியில் கதவைப் படம் எடுத்தாள். கோபிசங்கர் தனுசியாவின் முழங்கையைத் தட்டி, "சொல்லன்" என்றான்.

அவள் வாயெடுத்தாள். இரண்டும் ஒரே பக்கம் போனவை, ஒன்றுக்குப் பின்னால் ஒன்று என்று சொல்வதற்காக அந்தக் குழிகளைப் பார்த்தாள். வளைவு எங்கே இருந்தது, வலதிலா, இடதிலா? கணினியில் இருக்கிறது, போய்ப் பார்த்தால் தெரியும். இங்கே, இந்த வெயிலில், சனத்தின் நடுவில் நின்று பார்க்கும்போது அவளுக்கும் ஒரு கப்பல் தெரிந்தது. அது இடக்கதவின் கப்பலைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"வா பிள்ளை, உள்ளுக்கை வந்து பால் குடி" என்று அற்புதராணி அவளைக் கையில் பிடித்து இழுத்தார்.